குறிச்சொல் யாருக்காக? பயனர்கள் கூடி இணையத்தை வகைப்படுத்தும் விதம்

இரவில் எடுத்த ஓர் ஆந்தைப் படத்தைப் படப் பகிர்வுத் தளமொன்றில் ஏற்றும் ஒருவர், படத்துக்குக் கீழே இருக்கும் சிறு கட்டத்தில் 'பறவை', 'ஆந்தை', 'இரவு', 'பழைய லென்ஸ்', 'அச்சிட வேண்டும்' என்று ஐந்து சொற்களைத் தட்டிவிட்டுப் போகிறார். பறவைகளைக் கூர்ந்து பார்க்கும் பழக்கமுள்ள இன்னொருவர் அந்த இதய வடிவ முகத்தைக் கண்டதும் 'கூகை' என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார். மூன்றாமவருக்குப் பறவை ஒரு பொருட்டே இல்லை. பின்னால் தெரியும் இடிந்த சுவரைப் பார்த்து 'செங்கல்' என்று எழுதுகிறார். மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். வகைப்பாட்டியலை முறையாகப் படித்தவர் அவர்களில் எவரும் இல்லை. ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற ஏழு சொற்களால், அந்தப் படத்தை இனி யாரும் ஏழு வழிகளில் வந்தடையலாம்.

இதைக் குறிச்சொல் இடுதல் என்கிறோம். டேக் போடுவது என்றாலும் புரியும். இப்படிப் பலர் தனித்தனியே இட்ட சொற்களிலிருந்து திரண்டு வரும் வகைப்பாட்டுக்கு, தாமஸ் வாண்டர் வால் என்ற தகவல் வடிவமைப்பாளர் 2004இல் 'ஃபோக்சானமி' என்று பெயரிட்டார். மக்களைக் குறிக்கும் 'ஃபோக்' என்ற சொல்லோடு, வகைப்பாட்டியலைக் குறிக்கும் 'டாக்சானமி'யின் பின்பாதியை ஒட்டி உருவாக்கிய பெயர் அது. தமிழில் மக்கள் வகைப்பாடு என்று சொல்லிக்கொள்ளலாம். இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கூட்டத்தின் அறிவைக் கண்ட வியப்பே மிகுதி. அந்த வியப்பில் பாதிதான் நியாயமானது என்பது என் கணிப்பு. கூட்டம் இட்ட சொற்கள் எப்போது ஒழுங்காகத் திரள்கின்றன, எப்போது குப்பையாகக் குவிகின்றன என்பதை ஒரு கேள்வியைக் கொண்டே பெரும்பாலும் பிரித்தறிந்துவிடலாம்: அந்தச் சொல்லை எழுதியவர் அதை யாருக்காக எழுதினார்?

நூலக அடுக்கில் ஒரு புத்தகம் ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். பழைய வகைப்பாட்டு முறைகளுக்கெல்லாம் இந்த இடநெருக்கடியே அடிப்படை. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாக்கி எண் கொடுத்தது. அதில் சமயத்துக்கான 200களில் பெரும்பகுதி கிறித்தவத்துக்கே ஒதுக்கப்பட, உலகின் பிற சமயங்கள் எல்லாம் 290க்குள் அடைக்கப்பட்டன. தன் கைக்கு எட்டிய நூல்களைக் கொண்டு உலகத்தை அளக்கும் எவருக்கும் நேரக்கூடிய பிழைதான் அது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அவிழ்க்கப் பார்த்தது. ஒரு நூலை ஏற்கெனவே செய்துவைத்த பெட்டிக்குள் போடுவதற்குப் பதிலாக, ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களில் அது எவ்வாறு தெரிகிறது என்று தனித்தனியே குறித்து, அக்குறிப்புகளை முக்காற்புள்ளி போன்ற குறிகளால் கோத்துவிடலாம் என்றார் அவர். ஒரு பொருளுக்குப் பல முகங்கள் உண்டு என்ற அந்த எண்ணம் குறிச்சொல்லுக்கு மிக நெருங்கிய உறவு. ஆனால் அம்முகங்களைப் பிரித்துக் குறிப்பதற்குப் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும், அவருக்கு நேரமும் வேண்டும்.

இணையப் பக்கங்களுக்கு அடுக்கு கிடையாது. இருந்தும் தொடக்கத்தில் அடுக்கு இருப்பதாகவே பாவித்தார்கள். ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் 1994இல் தொடங்கிய யாஹூ கோப்பகம் இணையத்தைக் கிளை கிளையாகப் பிரித்து வைத்தது. ஒரு துணைப்பிரிவு இரண்டு கிளைகளில் வர வேண்டியிருந்தால், ஓரிடத்தில் அதற்குப் பக்கத்தில் '@' குறி இருக்கும். அதன் உண்மையான வீடு வேறெங்கோ இருக்கிறது என்பது அதன் பொருள். திரையில் ஒரு சொல்லை இரண்டு இடங்களில் காட்டுவதற்கு எந்தச் செலவும் இல்லாத காலத்திலும், ஒன்றுக்கு ஒரு வீடுதான் என்ற மரப்பலகைக் காலத்து வழக்கம் விடவில்லை. அக்கோப்பகம் 2014இன் இறுதியில் மூடப்பட்டது. தன்னார்வத் தொகுப்பாளர்களைக் கொண்டு 1998இல் தொடங்கிய டிமாஸ் கோப்பகமும் 2017இல் நின்றுபோனது. நாள்தோறும் பெருகும் பக்கங்களைச் சிலர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து இடம் ஒதுக்குவது நடக்கக்கூடிய வேலையாக இருக்கவில்லை.

ஜோஷுவா ஷாக்டர் 2003இல் தொடங்கிய டெலிஷியஸ் என்ற தளம் அந்த வேலையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. தான் சேர்த்துவைத்த இணைப்புகள் கட்டுக்கடங்காமல் பெருகியதால் அவற்றைச் சமாளிக்க அவர் தமக்கென்று செய்துகொண்ட ஏற்பாட்டின் நீட்சிதான் அது. ஒரு பக்கத்தைச் சேமிக்கும்போது, பிற்பாடு அதைத் தேடினால் எந்தச் சொல் நினைவுக்கு வருமோ அந்தச் சொல்லை எழுதிவைக்கலாம், அவ்வளவுதான் விதி. உள்ளே பதிவாவது மூன்றே செய்தி: யார், எந்தப் பக்கத்துக்கு, என்ன சொல். ஆனால் இந்த மூன்றையும் எப்பக்கமிருந்தும் இழுக்கலாம். என் பெயரைச் சொடுக்கினால் என் சேமிப்பு வரும். 'வானியல்' என்ற சொல்லைச் சொடுக்கினால் அதே சொல்லை இட்ட எல்லோருடைய சேமிப்பும் வரும். ஒரு பக்கத்தைச் சொடுக்கினால் அதை யார் யார் என்னென்ன பெயரால் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஒருவர் தம் வசதிக்காகச் செய்தது, கூடுதல் உழைப்பு எதுவுமின்றி, மற்றவருக்கும் பயன்பட்டது. அடுத்த ஆண்டு வந்த ஃப்ளிக்கர் இதே ஏற்பாட்டைப் படங்களுக்குக் கொண்டுவந்தது. அதிகம் புழங்கும் சொற்களைப் பெரிய எழுத்திலும் அரிய சொற்களைச் சிறிய எழுத்திலும் கலந்து காட்டும் குறிச்சொல் முகிலை ஊரறியச் செய்ததும் அதுவே. சில ஆண்டுகள் அந்த முகில் இல்லாத வலைத்தளமே இல்லை என்ற நிலை இருந்தது. பார்க்க அழகு என்பதைத் தவிர அதனால் பெரிய பயன் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த இரண்டு தளங்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு என்பதை வாண்டர் வால் 2005இல் எடுத்துக்காட்டினார். டெலிஷியஸில் ஒரே பக்கத்துக்கு ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பெயரிடலாம். எந்தச் சொல்லை எத்தனை பேர் இட்டார்கள் என்று எண்ணவும் முடியும். இதை அகன்ற மக்கள் வகைப்பாடு என்றார். ஃப்ளிக்கரில் படத்தின் உரிமையாளரும் அவர் அனுமதித்த சிலருமே சொல் இடுகிறார்கள்; ஒரு படத்துக்கு ஒரு சொல் ஒரு தடவைதான் ஒட்டும். இது குறுகிய வகை. முதலாவதில் கூட்டத்தின் கருத்து எங்கே குவிகிறது என்று தெரியும், இரண்டாவதில் தெரியாது. குறிச்சொற்களைப் பற்றிய பொதுவான புகழ்ச்சிகள் பெரும்பாலும் முதல் வகைக்கே பொருந்துபவை. இன்று நாம் அதிகம் பயன்படுத்தும் தளங்களோ இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

அகன்ற வகையில் கருத்து குவிகிறது என்பதற்குச் சான்று உண்டு. ஹியூலட் பேக்கார்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட் கோல்டரும் பெர்னார்டோ ஹூபர்மனும் டெலிஷியஸ் தரவுகளை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தை ஏறத்தாழ நூறு பேர் சேமித்த பிறகு, அதற்கு இடப்படும் ஒவ்வொரு சொல்லின் பங்கும் பெரிதாக மாறாமல் நிலைத்துவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். இதை விளக்க அவர்கள் கையாண்டது பழைய குடத்துக் கணக்கு. ஒரு குடத்தில் இரு நிறப் பந்துகள் உள்ளன. ஒன்றை எடுத்துப் பார்த்து, அதைத் திரும்பப் போடும்போது அதே நிறத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் போட வேண்டும். இப்படிப் பல தடவை செய்தால் நிறங்களின் விகிதம் ஓரிடத்தில் நிலைகொள்ளும். இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கணக்கின் மறுபாதி முக்கியமானது: விகிதம் நிலைக்கும் என்பது உறுதி, எந்த விகிதத்தில் நிலைக்கும் என்பது முதலில் கைக்கு வந்த சில பந்துகளைப் பொறுத்தது. பிறர் இட்ட சொற்களைத் தளமே பரிந்துரையாகக் காட்டும்போது, முதலில் வந்த பத்துப் பேரின் சொல் பின்வரும் ஆயிரம் பேரின் விரலை இழுக்கிறது. ஆகவே நிலைத்துவிட்ட சொல் சரியான சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முந்திக்கொண்ட சொல்லாகவும் இருக்கலாம்.

அதே ஆய்வு குறிச்சொற்கள் என்னென்ன வேலை செய்கின்றன என்றும் பிரித்துக் காட்டியது. பொருள் எதைப் பற்றியது என்று சொல்பவை மிகுதி. அது கட்டுரையா, வலைப்பதிவா, படமா என்று சொல்பவை சில. 'வேடிக்கை', 'அச்சம்' என்று தரம் சொல்பவை சில. 'என்னுடையது', 'பிறகு படிக்க' என்று இட்டவருக்கு மட்டுமே பொருள்படுபவை இன்னும் சில. என் சேமிப்பில் 'படிக்க வேண்டும்' என்ற சொல்லுக்குக் கீழே இருப்பவற்றை எண்ணிப் பார்க்கும் துணிவு எனக்கு இதுவரை வரவில்லை. இத்தகைய சொற்களை இரைச்சல் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அவைதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்று படுகிறது. ஒருவர் 'பிறகு படிக்க' என்று எழுதும்போது, உலகத்துக்கு உதவ அவர் உட்காரவில்லை என்பது தெளிவு, தமக்காகத்தான் எழுதுகிறார். தமக்காக எழுதுபவர் பொய் எழுத மாட்டார்.

தமக்காக உண்மையாகவே எழுதினாலும் இருவர் ஒரே சொல்லை எழுதுவது அரிது. ஜார்ஜ் ஃபர்னஸும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளுக்குத் தாமாகப் பெயர் சொல்லும் இருவர் ஒரே சொல்லைத் தேர்வதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கண்டார்கள். நம் இலக்கணத்துக்கு இது புதுச் செய்தி ஆகாது. 'ஒருபொருள் குறித்த வேறுசொல் ஆகியும், வேறுபொருள் குறித்த ஒருசொல் ஆகியும்' திரிசொல் இருபாற்படும் என்கிறது தொல்காப்பியம். குறிச்சொல் அமைப்புகளை ஆராய்பவர்கள் இன்று திரும்பத் திரும்பச் சொல்லும் இரண்டு தொல்லைகளும் இந்த ஒரே நூற்பாவுக்குள் அடங்கிவிடுகின்றன. 'நிலவு', 'திங்கள்', 'மதி' என்று மூவர் மூன்று சொல்லிட்டால் ஒருவர் படம் மற்றவர் கண்ணில் படாது. 'மாலை' என்று தேடினால் அந்திப் பொழுதும் பூத்தொடையும் ஒன்றாக வந்து நிற்கும். பொருள்வாரியாகப் பெயர்களைத் தொகுத்த திவாகர நிகண்டு, ஒருசொல் பல்பொருளுக்கெனத் தனியாக ஒரு தொகுதியை ஒதுக்கியது இந்தத் தொல்லையை உணர்ந்துதான்.

தமிழில் குறிச்சொல் இடுபவருக்கு இவற்றோடு வேறு சில சிக்கல்களும் உண்டு. 'குழந்தைப் பாடல்', 'குழந்தைப்பாடல்', 'குழந்தைபாடல்' ஆகிய மூன்றும் கணினிக்கு மூன்று சொற்கள். 'மலை' என்று ஒருவரும் 'மலைகள்' என்று இன்னொருவரும் 'மலையில்' என்று வேறொருவரும் இடுவார்கள். எழுத்துகள் உள்ளே சேமிக்கப்படும் முறையும் படுத்தும். 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறியீடுகளால் ஆனது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவை மட்டுமே குறிச்சொல்லில் வரலாம் என்று ஆங்கிலத்தை மனத்தில் வைத்து விதி எழுதிய மென்பொருளுக்கு இகரக் குறி ஓர் எழுத்தாகத் தெரியாது. அது 'தம' என்பதோடு சொல்லை முடித்துவிடும். 'கொ' என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே வைத்தும் சேமிக்கலாம்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் இடையில் சீராக்கும் நிரல் ஒன்று இல்லாவிட்டால் 'கொக்கு' என்ற ஒரே பறவை இரண்டு குறிச்சொற்களில் பிரிந்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் தானாகத் திரளும் ஒழுங்கு என்ற பேச்சு நின்று, பராமரிப்பு என்ற வேலை தொடங்குகிறது. நிரல் எழுதுவோர் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் கடுமையான வழியைத் தேர்ந்தது: ஒரு கேள்விக்கு ஐந்து குறிச்சொற்களுக்கு மேல் கூடாது, புதிய குறிச்சொல் ஒன்றை உருவாக்க 1,500 நற்பெயர்ப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும், ஒரே பொருளுடைய சொற்களைப் பயனர்களே முன்மொழிந்து ஒன்றாக்கலாம். புத்தகங்களைப் பட்டியலிடும் லைப்ரரிதிங் தளம் 2005இல் தொடங்கியது. அங்கே ஒரு குறிச்சொல்லின் வெவ்வேறு எழுத்து வடிவங்களை உறுப்பினர்களே இணைக்கிறார்கள், தவறாக இணைத்ததாகத் தோன்றினால் பிரித்தும் விடுகிறார்கள்.

இவற்றுள் மிகவும் நுட்பமானது 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற களஞ்சியத்தின் ஏற்பாடு. பிறர் படைத்த கதைமாந்தரை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளான ரசிகர் புனைவுகளுக்கானது அது. 2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அக்களஞ்சியத்தில் எழுதுபவர் எந்தச் சொல்லையும், ஒரு முழு வாக்கியத்தையும்கூடக் குறிச்சொல்லாக இடலாம். அதை யாரும் திருத்துவதில்லை. திரைக்குப் பின்னே 'டேக் ராங்ளர்கள்' எனப்படும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் உட்கார்ந்து, புதிதாக வந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். ஒருவர் 'ஏ.யூ.' என்று எழுதியிருப்பார். இன்னொருவர் 'ஆல்டர்னேட் யூனிவர்ஸ்' என்று விரித்து எழுதியிருப்பார். இரண்டும் மாற்று உலகக் கதை என்ற ஒரே பொருள் என்று கண்டு, ஒன்றைத் தலைமைச் சொல்லாக்கி மற்றதை அதன் மாற்றுச் சொல்லாகக் கட்டுவார்கள். பிறகு வாசகர் எதைத் தேடினாலும் இரண்டும் வரும். எழுதியவரின் பக்கத்தில் அவர் எழுதிய சொல்லே அப்படியே நிற்கும். பொதுச் சொல்லுக்குக் கீழே சிறப்புச் சொற்களைத் தொங்கவிடுவதும் அவர்கள் வேலைதான். 'இதை எழுதியபோது நான் தூங்கி இரண்டு நாளாகியிருந்தது' என்பது போன்ற குறிச்சொற்களை எதனோடும் கட்டாமல் விட்டுவிடுகிறார்கள். எழுதுபவரின் சுதந்திரத்தையும் தேடுபவரின் தேவையையும் ஒருசேரக் காப்பாற்றும் ஏற்பாடு எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அதன் விலை ஊதியமில்லாத மனித உழைப்பு. அக்களஞ்சியத்துக்கு 2019இல் அறிபுனைவுத் துறையின் ஹியூகோ விருது கிடைத்தது.

பராமரிப்பாளர் இல்லாமலும் ஒழுங்கு வர இன்னொரு வழி உண்டு. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடம், சாலை, கட்டடம், கிணறு எதுவாயினும் அதற்குப் பண்பும் மதிப்புமாக ஒரு சொல்லிணையை இடுகிறது. எந்தச் சொல்லை வேண்டுமானாலும் இடலாம் என்பதே அங்கும் கொள்கை. புதிய சொற்களை முன்மொழிந்து வாக்கெடுத்தாலும் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் வழக்கில் இல்லாத சொல்லை இட்டால் வரைபட மென்பொருள் அதை அடையாளம் காணாது, இட்டவர் சேர்த்த பொருள் திரையில் வரையப்படாது. தன் சொல் வேலை செய்யவில்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது; அதனால் அடுத்த தடவை ஊரோடு ஒத்த சொல்லை இடுகிறார். பெரும்பாலான தளங்களில் இந்தக் கண்ணாடி இல்லை: தவறான சொல் இட்டவருக்கு எந்த இழப்பும் தெரிவதில்லை.

நிறுவனங்கள் தங்கள் தொகுப்புகளை இந்தக் கூட்டத்திடம் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008 ஜனவரியில் ஏறத்தாழ 3,100 பழைய படங்களை ஃப்ளிக்கரில் ஏற்றி, யாரும் குறிச்சொல் இடலாம் என்று திறந்துவிட்டது. அவ்வாண்டு அக்டோபருக்குள் 2,518 பயனர்கள் 67,176 குறிச்சொற்களை இட்டிருந்தார்கள். குறிச்சொற்களைவிடப் படங்களுக்குக் கீழே எழுதிய குறிப்புகளே நூலகத்துக்கு அதிகம் உதவின: படத்தில் இருப்பவர் யார், அது எந்தத் தெரு என்று அடையாளம் காட்டிய குறிப்புகளைச் சரிபார்த்து நூற்றுக்கணக்கான பதிவுகளை நூலகர்கள் திருத்தினார்கள். கலை அருங்காட்சியகங்கள் சில சேர்ந்து நடத்திய ஸ்டீவ் என்ற திட்டத்தில் வேறொன்று தெரிந்தது. பார்வையாளர்கள் இட்ட சொற்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை அருங்காட்சியக ஆவணங்களில் இல்லாதவை. ஓவியத்தை விவரித்த அறிஞர் ஓவியரின் பெயர், காலம், பாணி ஆகியவற்றை எழுதியிருப்பார். அதில் ஒரு நாய் இருக்கிறது என்பதை எழுதும் தேவை அவருக்கு ஏற்பட்டிராது. நாயைத் தேடி வருபவருக்கோ அதுதான் வேண்டும்.

இதுவரை பார்த்தவை எல்லாம் கண்டுபிடிப்பதற்காக இடும் சொற்கள். கண்ணில் படுவதற்காகச் சொல் இடும்போது கதை மாறுகிறது. பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறிக்குச் சொல்லும் திறவுச்சொற்களை இணையப் பக்கத்தின் உள்ளே எழுதிவைக்கும் வசதி குறிச்சொற்களுக்கும் முன்பே இருந்தது. தொடர்பே இல்லாத சொற்களை அதில் அடைத்துத் தேடுபவரை ஏமாற்றும் வழக்கம் பரவியதால், தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த அதைத் தாங்கள் பொருட்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இல் வெளிப்படையாகவே சொன்னது. கேலிக்காகவும் இது நடக்கும். இசைத் தளமான லாஸ்ட்.எஃப்.எம்மில், மென்மையான பாப் பாடல்கள் பாடிய பிரபலம் ஒருவருக்குப் பயனர்கள் கூடி, மெட்டல் எனப்படும் கடும் உலோக இசையின் குறிச்சொல்லை இட்டு, அந்த வகையின் முதன்மைக் கலைஞராகவே அவரை உயர்த்திவிட்டார்கள்.

ஹேஷ்டேகின் பிறப்பையும் வளர்ச்சியையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டையில் அறைகளின் பெயருக்கு முன்னே '#' இடுவது பழைய வழக்கம். அதைத் தொடர்ந்து, 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா, குழுக்களைக் குறிக்க அதே குறியைப் பயன்படுத்தினால் என்ன என்று ட்விட்டரில் கேட்டார். அவ்வாண்டு அக்டோபரில் சான் டியேகோ காட்டுத்தீயின்போது, செய்திகளை ஒரே இடத்தில் சேர்க்க மக்கள் அப்படி ஒரு குறியைப் பயன்படுத்தினார்கள். 2009இல்தான் ட்விட்டர் அதைச் சொடுக்கக்கூடிய இணைப்பாக்கியது. டெலிஷியஸ் குறிச்சொல் பொருளின் முதுகில் ஒட்டிய சீட்டு. ஹேஷ்டேக் பேச்சுக்குள்ளேயே கலந்துவிட்ட சொல். அதை இடுபவர் நாளை தாம் தேடப்போவதை நினைப்பதில்லை. இந்த நிமிடத்தில் அதே சொல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்நியர்களை நினைக்கிறார். அந்நேரத்தில் அதிகம் பதியப்படும் சொற்களைக் காட்டும் போக்குப் பட்டியல் என்ற ஒன்று வந்த பிறகு, பட்டியலில் ஏறுவதே நோக்கமாகி, நேரம் குறித்துத் திரண்டு ஒரே சொல்லைப் பதிவது ஒரு தொழிலாகவே ஆயிற்று. படப் பகிர்வுச் செயலிகளில் ஒரு படத்துக்குக் கீழே முப்பது குறிகள் வரை அடுக்கப்பட்டதும், அவற்றில் பாதிக்குப் படத்தோடு உறவே இல்லாதிருந்ததும் இதன் விளைவு. மறுபுறம், தேடுபவரைப் பற்றிக் கவலைப்படாத, டம்ளர் என்ற வலைப்பதிவுத் தளத்தின் பயனர்கள் குறிச்சொற்களை முணுமுணுப்பாக மாற்றிக்கொண்டார்கள்: பதிவில் சொல்லத் தயங்குவதைக் கீழே குறிச்சொல்லாக எழுதும் வழக்கம் அங்கே தனிக்கலையாகவே வளர்ந்தது. ஒரே கருவிதான், எழுதுபவர் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறார் என்பதுதான் மாறுகிறது.

மனிதர் சொல் இடாவிட்டால் இயந்திரம் இடட்டும் என்ற முயற்சி இப்போது மேலோங்கியிருக்கிறது. இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்ததும் மனிதர் இட்ட சொற்களே. லூயிஸ் வான் ஆன் உருவாக்கிய ஈஎஸ்பி விளையாட்டில், ஒருவரையொருவர் பார்க்காத இருவருக்கு ஒரே படம் காட்டப்படும். இருவரும் ஒரே சொல்லைத் தட்டினால் புள்ளி கிடைக்கும், அச்சொல் படத்தின் பெயராகும். கூகுள் 2006 முதல் 2011 வரை இதைத் தன் பெயரில் நடத்தியது. முன்பின் அறியாதவரோடு ஒத்துப்போக வேண்டுமானால் 'வானம்', 'மனிதன்' போன்ற பொதுச் சொற்களைத் தட்டுவதே பாதுகாப்பு என்பதை ஆடுபவர் சீக்கிரம் கற்றுக்கொள்வார். அதைத் தடுக்கவே, ஏற்கெனவே வந்த சொற்களை விலக்கி வைத்தார்கள். அப்போதும் 'கூகை' என்று தட்டுபவர் தோற்றார், 'பறவை' என்று தட்டுபவர் வென்றார். ஃப்ளிக்கர் 2015இல் தானியங்கிக் குறிச்சொற்களைப் பயனர்களின் படங்களில் இடத் தொடங்கியபோது, வதை முகாம் ஒன்றின் வாயில் படத்துக்கு விளையாட்டுச் சாதனத்தின் பெயரும், கறுப்பினத்தவர் ஒருவரின் படத்துக்குக் குரங்கின் பெயரும் விழுந்து பெரும் கண்டனம் எழுந்தது. அதன் பிறகு இயந்திரங்கள் வெகுவாகத் தேறியிருக்கின்றன. ஆந்தையைக் கண்டால் ஆந்தை என்று இன்று பிழையின்றிச் சொல்லிவிடும். 'அச்சிட வேண்டும்' என்பதைச் சொல்ல, படம் எடுத்தவரின் மனத்துக்குள் இருந்தாக வேண்டும்.

டெலிஷியஸ் 2005இல் யாஹூவின் கைக்குப் போய், 2011இல் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. புதிய உரிமையாளர் தளத்தை மாற்றியமைத்தபோது குறிச்சொற்களில் சாய்கோடு போன்ற குறிகளைக் கொண்டு தேட முடியாமல் போனது. கதைமாந்தர் இருவரின் பெயர்களைச் சாய்கோட்டால் இணைத்து, கதையின் நீளம், முடிந்ததா இல்லையா என்பது வரை நுணுக்கமான குறிச்சொல் மரபு ஒன்றை வளர்த்திருந்த ரசிகர் புனைவு வாசகர்களுக்கு இது பேரிடியாக இருந்தது. பின்போர்டு என்ற சிறிய போட்டித் தளத்தை நடத்தி வந்த மாச்சேய் செக்லோவ்ஸ்கி, உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டபோது, அவர்கள் ஒரே ஆவணத்தில் கூடி எழுதி, தங்களுக்குள் வாதிட்டு, உள்ளடக்கப் பட்டியலும் குறுக்குக் குறிப்புகளுமாகத் தேவைகளைத் தொகுத்துக் கொடுத்தார்கள். பலர் அங்கே குடியேறினார்கள். 2017இல் அதே செக்லோவ்ஸ்கி டெலிஷியஸையே 35,000 டாலருக்கு வாங்கினார். புதிய சேமிப்பை நிறுத்திவிட்டு, பழையவற்றைப் பயனர்கள் கோப்பாக இறக்கிக்கொள்ள விட்டுவைத்தார். அத்தகைய கோப்பில் ஒவ்வொரு பக்கத்தின் முகவரிக்கும் அருகே, அதைச் சேமித்தவர் இட்ட குறிச்சொற்கள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரிசையாக இருக்கும். முகவரிகளில் பல இப்போது திறப்பதில்லை. பக்கத்தில் 'பிறகு படிக்க' மட்டும் அப்படியே இருக்கிறது.